சோவியத் மொசைக் சுவர்கள்: பிரச்சாரமா, கலையா, ஏன் காப்பாற்ற வேண்டும்?

உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டுக்கும் ஜார்ஜியாவின் திபிலிசிக்கும் சுற்றுலா போய் வந்த ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "அடுக்குமாடிக் குடியிருப்பின் பக்கச் சுவர், பஸ் நிறுத்தம், மெட்ரோ நிலையம் என்று எங்கே திரும்பினாலும் மொசைக் படங்கள். ரொட்டிக்கும் செருப்புக்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற நாடு இதற்கெல்லாம் ஏன் பணம் செலவழித்தது? எல்லாமே கட்சிப் பிரச்சாரம்தானே? அந்த நாடே போன பிறகு இவற்றைக் காப்பாற்றச் சொல்லி ஏன் சிலர் போராடுகிறார்கள்?"

அங்கே பார்த்த கட்டடங்களைப் பற்றியும், மறுபடி போனால் எதைப் பார்க்கலாம் என்றும் கூடவே கேட்டிருக்கிறார். அவருக்கே எழுதும் பதில் இது. முதலில் கேட்டவை மூன்று கேள்விகள்போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஓர் அரசு தன் புகழ் பாட ஒட்டிய சுவரொட்டிகளா இவை, இல்லை, ஒட்டியவர்கள் போன பின்னும் மதிப்புள்ள வேலையா? மொத்தமாகக் கேட்டால் இதற்கு விடை கிடைக்காது, ஒவ்வொரு சுவராக நின்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் என்பதுதான் என் அனுபவம். அதற்கு முன் இந்தச் சுவர்கள் எப்படி உண்டாயின என்று தெரிய வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 1980களின் கடைசியில் உக்ரைனின் கீவ் நகரில் கட்டடக்கலை படித்தேன். ஊர் திரும்பியதிலிருந்து பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் பிழைப்பு. ஆகவே சுவர், சாந்து, கம்பி பற்றி நான் சொல்வதை நம்பலாம். கலை வரலாற்றில் நானும் உங்களைப்போல ஒரு வாசகன்தான். ரஷ்ய மொழியிலும் உக்ரைனிய மொழியிலும் எழுதியதைப் படிப்பேன். ஜார்ஜிய மொழியும் உஸ்பெக் மொழியும் தெரியாது. அந்த இரண்டு நாடுகளைப் பற்றிச் சொல்லும்போது அந்தக் குறையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயது தாண்டிய தமிழர்களுக்கு இந்தச் சுவர்கள் முழுக்கப் புதிதாக இருக்காது. 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாளைக் கிழித்து நோட்டுக்கு அட்டை போட்ட தலைமுறை நாம். டிராக்டருக்கும் ராக்கெட்டுக்கும் நடுவே இப்படி ஒரு சுவரும் அந்த அட்டைகளில் இருந்திருக்கும்.

நம் வீடுகளில் மொசைக் என்றால் சலவைக்கல் பொடிச்சில்லைச் சிமென்டில் கலந்து தேய்த்து மெருகேற்றிய தரை. இங்கே பேசுவது வேறு: வண்ணக் கண்ணாடி, பீங்கான் ஓடு, கூழாங்கல் இவற்றின் சிறு துண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து உருவாக்கும் படம். இதில் உசத்தியான பொருள் ஸ்மால்ட் எனப்படும் ஒளி ஊடுருவாத வண்ணக் கண்ணாடி. ரஷ்யாவில் அதை மீண்டும் காய்ச்சத் தொடங்கியவர் விஞ்ஞானி லொமொனோசொவ். 1750களில் பீட்டர்ஸ்பர்க் அருகே உஸ்த்-ருதித்ஸாவில் தொழிற்சாலை வைத்து, ஆயிரக்கணக்கான நிறச் சோதனைகள் செய்து, ரஷ்யா ஸ்வீடனை வென்ற பொல்தாவா போரைச் சித்திரிக்கும் பெரிய மொசைக்கை 1760களில் முடித்தார். அது இன்றும் அங்கே அறிவியல் கழகக் கட்டடத்தின் மாடிப்படித் தளத்தில் இருக்கிறது. அந்த மரபு பிறகு தேவாலயங்களுக்குப் போனது. பீட்டர்ஸ்பர்க்கின் 'ரத்தத்தின் மேல் மீட்பர்' தேவாலயத்தின் மொசைக்குகளைச் செய்த பட்டறை ஃப்ரோலொவ் குடும்பத்துடையது. அந்தப் பட்டறையின் விளாதிமிர் ஃப்ரோலொவ்தான் பின்னர் மாஸ்கோ மெட்ரோவுக்கும் செய்தார். சாமி படம் பதித்த அதே கை, புரட்சிக்குப் பிறகு பாராசூட் வீரனையும் பதித்தது.

1938இல் திறந்த மயகோவ்ஸ்கயா நிலையத்தை முதலில் சொல்லியாக வேண்டும். கட்டடக் கலைஞர் அலெக்சேய் துஷ்கின், ஓவியர் அலெக்சாந்தர் தெய்னெகா. நடைமேடைக்கு மேலே கூரையில் வரிசையாக நீள்வட்டக் குழிவுகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு மொசைக். பொருள்: சோவியத் நாட்டில் ஒரு முழு நாள். காலை, பகல், இரவு, மறுபடி காலை என்று வானம் மாறிக்கொண்டே போகும். எல்லாம் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணம். விமானம், கழி ஊன்றித் தாண்டும் தடகள வீரர், ஆப்பிள் கிளை. பூமிக்கு 33 மீட்டர் ஆழத்தில் நிற்பவனுக்கு வானத்தைக் காட்டுவது எவ்வளவு புத்திசாலித்தனமான யோசனை! பிரச்சாரம் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மிகக் கெட்டிக்காரத்தனமான பிரச்சாரம். 1941 நவம்பர் 6 அன்று, ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஸ்டாலின் புரட்சி ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது இந்தக் குழிவுகளுக்குக் கீழேதான்.

அடுத்தது நொவொகுஸ்நெத்ஸ்கயா நிலையம், 1943இல் திறந்தது. அதன் கூரைப் படங்களுக்கும் வரைவு தெய்னெகா, செய்தவர் ஃப்ரோலொவ். லெனின்கிராட் (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) முற்றுகைக்குள், பட்டினிக்கு நடுவே அவற்றை முடித்தார். 1942இல் முற்றுகையிலேயே இறந்தார். முடித்த பலகைகளை லதோகா ஏரி வழியாக நகரத்துக்கு வெளியே கொண்டுவந்தார்கள். இதுவரை சொன்னது உறுதி. மண்ணெண்ணெய் விளக்கொளியில் வேலை பார்த்தார் என்பது போன்ற விவரங்கள் எல்லாக் கட்டுரைகளிலும் வரும். நடந்திருக்கக்கூடியவைதான், ஆனால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவைபோலவும் தெரிகின்றன.

ஸ்டாலின் காலத்து மொசைக்குகள் பளிங்கு, வெண்கலம், தூண், சரவிளக்கு என்ற ஆடம்பரத்தின் ஒரு பகுதி. நீங்கள் தாஷ்கண்டிலும் திபிலிசியிலும் பார்த்தவை அந்த வகை கிடையாது. அவை அந்த ஆடம்பரத்தைத் தடை செய்ததால் வந்தவை. 1954 டிசம்பர் 7 அன்று, கட்டுமானத் துறையினர் மாநாட்டில், ஸ்டாலினுக்குப் பின் கட்சித் தலைமைக்கு வந்த குருஷ்சேவ் நீண்ட உரையாற்றினார். கோபுரமும் தூணும் வைத்துப் பணத்தைக் கரைக்கிறீர்கள், ஜனங்களுக்கு வீடு இல்லை என்று கட்டடக் கலைஞர்களைப் பெயர் சொல்லியே சாடினார். 1955 நவம்பரில் 'வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் மிகைகளை ஒழிப்பது' பற்றி அரசாணை வந்தது. அதன்பின் நாடு முழுக்க ஒரே மாதிரி வரைபடம், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகை, கிரேனில் தூக்கி அடுக்கும் ஐந்து மாடி வீடுகள். கூட்டுக்குடித்தனத்தில் ஒரு சமையலறையை நான்கைந்து குடும்பம் பகிர்ந்துகொண்டிருந்த மக்களுக்குத் தனிக் கதவு உள்ள வீடு கிடைத்தது. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. பலகைக் கட்டடத்தின் இரண்டு பக்கச் சுவர்களிலும் ஜன்னல் கிடையாது. ஊர் முழுக்க, தெருவைப் பார்த்தபடி, பிரம்மாண்டமான வெறும் சுவர்கள்.

தூண் வைக்க முடியாது, சிற்ப வேலைப்பாடு வைக்க முடியாது. சுவரோடு சுவராக இருக்கும் படத்தை மட்டும் யாரும் மிகை என்று சொல்லவில்லை. ஓவியத்தைவிட மொசைக் நீடிக்கும், பனியிலும் வெயிலிலும் நிறம் போகாது. அதே காலத்தில் மெக்சிகோவின் சுவர்க் கலை சோவியத் கலைஞர்களுக்கு அறிமுகமானது. அந்நாட்டுச் சுவரோவியர் சிக்கேரோஸ் 1955இல் மாஸ்கோ வந்தார். மெக்சிகோ பல்கலைக்கழக நூலகத்தின் நாலு பக்கமும் ஹுவான் ஓ'கார்மன் பதித்த கல் மொசைக் உலகமெங்கும் பேசப்பட்டது. இடதுசாரிக் கலைஞர்கள் செய்த நவீன கலை என்பதால் அதைப் பின்பற்றுவதில் ஆபத்து குறைவு. ஐரோப்பிய நவீன ஓவியத்துக்குக் கதவு மூடியிருந்த நாட்டில், அதன் தட்டையான வண்ணமும் உடைந்த உருவங்களும் சுவர் வழியாக உள்ளே வந்துவிட்டன.

இனி உங்கள் தாஷ்கண்ட். அந்தப் பெயர் சொன்னால் நமக்கு லால் பகதூர் சாஸ்திரி நினைவுக்கு வருவார். 1966 ஜனவரியில் அங்கேதான் இறந்தார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 26 அதிகாலையில் நிலநடுக்கம். அளவில் பெரியது இல்லை, ஐந்தைச் சற்றுத் தாண்டியது. ஆனால் மையம் நகரத்துக்கு நேர் அடியில், ஆழம் மிகக் குறைவு. மண் வீடுகள் சரிந்து சுமார் 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள். எல்லாக் குடியரசுகளிலிருந்தும் கட்டுமானக் குழுக்கள் வந்து நகரத்தைப் பலகைக் கட்டடங்களால் புதிதாக எழுப்பின. அங்கேதான் ஜார்ஸ்கி சகோதரர்கள் மூவர் (பியோத்தர், நிக்கொலாய், அலெக்சாந்தர்) வெற்றுப் பக்கச் சுவர்களை மொசைக்கால் நிரப்பினார்கள். கட்டி முடித்த சுவரில் ஏறிப் பதிப்பதைவிட, வீட்டுப் பலகை வார்க்கும் தொழிற்சாலையிலேயே படத்தையும் சேர்த்து வார்க்கும் வழி அவர்களுக்குக் கைகொடுத்தது. நீங்கள் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு மாடி உயரத்திலும் படத்தின் குறுக்கே நேர்கோடு ஒன்று ஓடும். அது இரண்டு பலகைகள் சந்திக்கும் இடம். நட்சத்திரக் கோலத்தின் ஒரு முனை மூன்றாம் மாடிப் பலகையில், மறு முனை நான்காம் மாடிப் பலகையில். கிரேன் ஓட்டுபவர் ஒரு விரல்கடை தள்ளி வைத்தால் கோலம் பிசகும். சில சுவர்களில் பிசகியும் இருக்கிறது. எனக்கு அந்தச் சுவர்கள்தான் அதிகம் பிடிக்கும்.

வேலை முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காப்பாற்றுவதா வேண்டாமா என்ற வாதம் இதில்தான் நிற்கிறது. ஈரச் சாந்தில் சில்லை நேரே அழுத்துவது ஒரு முறை. ஒவ்வொரு சில்லும் இம்மி சாய்ந்து நிற்கும். நடந்துகொண்டே பார்த்தால் ஒளி ஒரு சில்லிலிருந்து அடுத்ததற்குத் தாவும். அழகு, ஆனால் மெதுவான வேலை. மற்றொன்று தலைகீழ் முறை. முதலில் சுவர் அளவுக்கே படத்தை, கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றித் தாளில் வரைவார்கள். சில்லின் முகம் தாளைப் பார்க்கும்படி மாவுப் பசையால் ஒட்டுவார்கள். தாளைச் சதுரம் சதுரமாக வெட்டி எண் போட்டு, சுற்றிலும் சட்டம் அடித்து, முதுகுப் பக்கம் கம்பி வலை வைத்துச் சிமென்ட் கலவையை ஊற்றுவார்கள். இறுகியதும் திருப்பிப் போட்டு, தண்ணீர் தெளித்துத் தாளை உரித்தால் படம். செய்பவர் வேலை முடியும்வரை தன் படத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை, முதுகைத்தான் பார்க்கிறார். பட்டறையில் குளிர்காலம் முழுக்கச் செய்து, கோடையில் சுவரில் ஏற்றிவிடலாம். ஸ்மால்ட் விலை அதிகம் என்பதால் அதை முகத்துக்கும் கைக்கும் வைத்துக்கொண்டு, மீதி இடத்தைக் குளியலறை டைல்ஸ் துண்டாலும் கூழாங்கல்லாலும் நிரப்பிய சுவர்கள் ஏராளம்.

செலவுக்கு வருவோம். கட்டடத்தின் மதிப்பீட்டுத் தொகையிலேயே கலைக்கு ஒரு பங்கு ஒதுக்கியிருப்பார்கள். அந்தப் பணம் ஓவியர் சங்கத்தோடு இணைந்த கலை நிதியத்தின் வழியாக, பரப்பளவையும் வேலையின் கடினத்தையும் பொறுத்து, கலைஞருக்குப் போகும். இது உறுதி. நாடு முழுவதும் எல்லாக் காலத்திலும் இத்தனை சதவீதம் என்று ஒரே சட்டம் இருந்ததாக இணையத்தில் உலவும் எண்கள் (ஒன்றிலிருந்து ஐந்து வரை பார்த்திருக்கிறேன்) சந்தேகத்துக்குரியவை. ஆண்டுக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறியிருக்கிறது. ரொட்டி வரிசையில் நின்றவன் பணத்தைச் சுவரில் கொட்டினார்கள் என்ற கோபமும் முழுக்கச் சரியில்லை. வரிசை வந்தது சரக்கு இல்லாததால். டைல்ஸ் துண்டும் சிமென்டும் அந்த நாட்டில் தட்டுப்பாடில்லாமல் கிடைத்த சரக்கில் சேர்த்தி. கலைஞருக்கோ இது நல்ல வருமானம். கூடத்தில் மாட்டும் ஓவியத்தை வாங்க ஆளில்லாத ஊரில், ஒரு பள்ளிக்கூடச் சுவர் கிடைத்தால் ஒரு வருடம் ஓடும்.

சுவர் கிடைக்கக் கலை மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். ஓவியர்களும் அதிகாரிகளும் உட்கார்ந்த குழு. முதலில் சிறு வரைவு, பிறகு வண்ண வரைவு, கடைசியில் முழு அளவுத் தாள் என்று ஒவ்வொரு கட்டத்திலும் காட்ட வேண்டும். தலைநகர் மையத்தில், கட்சி அலுவலகத்தில் இந்தக் குழு கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கும். ஸ்டாலின் இறந்த பிறகு மாஸ்கோவின் கொம்சொமோல்ஸ்கயா நிலையக் கூரையில் பாவெல் கோரின் செய்த படங்களிலிருந்து ஸ்டாலின் உருவத்தை எடுத்துவிட்டு மாற்றிச் செய்தார்கள், அவ்வளவு கவனம். ஊருக்கு வெளியே பஸ் நிறுத்தத்துக்கு அந்தக் கவனம் இல்லை. நீச்சல் குளம், சிற்றுண்டிச்சாலை, மருந்துக்கடை, குழந்தைகள் முகாம் எல்லாம் இந்த ரகம். அங்கே கலைஞர் மீன் போட்டார், சேவல் போட்டார், வெறும் வட்டமும் அலையும் போட்டார். கருங்கடலோர அப்காசியாவின் பிட்சுண்டா கடற்கரைச் சாலையில் 1960களில் ஜார்ஜியக் கலைஞர் சுராப் செரெதெலி செய்த பஸ் நிறுத்தங்கள் கடல் பிராணிபோலவும் சங்குபோலவும் இருக்கின்றன. அவற்றில் எந்தக் கட்சியையும் நான் காணவில்லை. சிலவற்றில் மழைக்கு ஒதுங்கக்கூட இடமில்லை, அது வேறு குறை.

எனவே 'எல்லாமே பிரச்சாரம்தானே' என்பதற்கு நான் ஓர் ஆளின் கதையைத்தான் பதிலாகச் சொல்வேன். அல்லா ஹோர்ஸ்கா, உக்ரைனிய ஓவியர். 1964இல் நண்பர்களோடு சேர்ந்து கீவ் பல்கலைக்கழகத்தில் உக்ரைனின் தேசியக் கவிஞர் ஷெவ்சென்கோவுக்கு ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் செய்தார். கோபமாக நிற்கும் ஷெவ்சென்கோ. அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை, உடைத்தார்கள். ஹோர்ஸ்காவை ஓவியர் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். தலைநகரில் சுவர் கிடைக்காத அவருக்குத் தொழில் நகரமான தொனெத்ஸ்க்கில் கிடைத்தது. 1965-66இல் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் வெளிச்சுவர்களில் கணவர் விக்தர் ஸரெத்ஸ்கி, தோழி ஹலினா ஸுப்சென்கோ முதலானோரோடு சேர்ந்து நெருப்பு, நீர், பூமி, விண்வெளி என்று பெரிய மொசைக்குகள் செய்தார். 1967இல் மரியுபோல் நகரத்து உணவகம் ஒன்றில் 'வாழ்க்கை மரம்', 'வல்லூறு' என்ற இரண்டு. அடுத்த சில ஆண்டுகளில் க்ரஸ்னொதோன் நகரில், போரில் நாஜிகளை எதிர்த்த இளைஞர் குழுவான 'இளம் காவலர்' பெயரிலுள்ள அருங்காட்சியகத்துக்கு 'வெற்றிக் கொடி'. இந்தக் கடைசி வேலை அச்சு அசலான அரசுப் பொருள். அதே ஆண்டுகளில் அவர் அரசியல் கைதிகளுக்காகக் கடிதங்களில் கையெழுத்திட்டுக்கொண்டும், உளவுத்துறையின் கண்காணிப்பில் வாழ்ந்துகொண்டும் இருந்தார். 1970 நவம்பர் 28 அன்று வசில்கிவ் என்ற ஊரில், மாமனார் வீட்டில், கொலை செய்யப்பட்டார். மாமனாரே கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார் என்று வழக்கை முடித்தார்கள். உக்ரைனில் பலரும் அதை நம்பவில்லை, உளவுத்துறையைச் சந்தேகிக்கிறார்கள். சட்டப்படி நிரூபணமானது எதுவும் இல்லை. இப்போது சொல்லுங்கள், இவர் செய்த சுவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? 'வெற்றிக் கொடி'யை ஆட்சியின் கணக்கிலும் 'வல்லூறை' அவர் கணக்கிலும் எழுதலாம் என்றால், இரண்டிலும் சில்லு பதித்த கை ஒன்றுதான். மரியுபோல் சுவர்கள் இரண்டும் 2022 போரில் கடுமையாகச் சிதைந்தன.

ஆட்சி தன் சொந்தப் பணத்தில் செய்த வேலையைத் தானே அழித்ததற்குக் கீவ் தகன மைதானத்தின் 'நினைவுச் சுவர்' பெரிய சாட்சி. இது மொசைக் கிடையாது, கான்கிரீட் புடைப்புச் சிற்பம். ஆனால் அதே தலைமுறையின் வேலை. அதா ரிபச்சுக், வொலோதிமிர் மெல்னிசென்கோ என்ற கணவன் மனைவி. அந்த நகரின் பழைய மத்தியப் பேருந்து நிலையத்தின் மொசைக்குகளும் இவர்கள் செய்தவைதான். 1968 முதல் பதின்மூன்று ஆண்டுகள், 213 மீட்டர் நீளச் சுவரில் பிறப்பு, தாய்மை, காதல், இழப்பு என்று உருவங்களைக் கம்பி கட்டி வார்த்தார்கள். முடியும் தறுவாயில், அரசு ஏற்ற கலைப் பாணியான சோஷலிச யதார்த்தவாதத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லி, 1982இல் சுவர் முழுவதையும் கான்கிரீட் ஊற்றி மூடிவிட்டார்கள். நான் படிக்கப் போனபோது அது புல் படர்ந்த சாம்பல் மேடு. கீழே என்ன இருக்கிறது என்று எங்கள் ஆசிரியர்கள் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்கள். அண்மை ஆண்டுகளில் சில பகுதிகளைத் திறந்திருக்கிறார்கள்.

கட்டடங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். திபிலிசியில் நீங்கள் பார்த்த, பெட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியதுபோன்ற கட்டடம் 1975இல் நெடுஞ்சாலை அமைச்சகத்துக்காகக் கட்டியது. வடிவமைத்தவர்கள் ஜார்ஜி சாகாவாவும் சுராப் ஜலகானியாவும். சாகாவா அப்போது அதே அமைச்சகத்தின் துணை அமைச்சர்; கட்டச் சொன்னவரும் கட்டியவரும் ஒருவரே என்பதால்தான் இவ்வளவு துணிச்சல். செங்குத்தான சரிவில் தரையை மிகக் குறைவாகத் தொட்டு, அடியில் மரமும் நீரோடையும் போக வழிவிட்டது. இப்போது ஒரு வங்கியின் தலைமையகம், பாதுகாக்கப்பட்ட சின்னம். கிரிமியாவின் யால்தா அருகே இகோர் வசிலெவ்ஸ்கி வடிவமைத்த 'துருஷ்பா' ஓய்வில்லத்தை விண்கலம் என்றோ ஏவுகணைத் தளம் என்றோ அமெரிக்க உளவுத்துறை நினைத்ததாக ஒரு கதை உலவுகிறது. வட்டவட்டமான கட்டடம், கதைக்குத் தோதாக இருக்கிறது, அவ்வளவுதான். எந்த ஆவணத்தையும் காட்டி யாரும் அதைச் சொல்லவில்லை. இந்தத் துறையில் இப்படிப்பட்ட கதைகள் அதிகம். செய்தவர் பெயரே பல சுவர்களில் கிடையாது. கையெழுத்திடும் வழக்கம் குறைவு, கலை நிதியத்தின் கோப்புகள் 1990களில் சிதறிப்போயின. ஆகவே ஒரு பஸ் நிறுத்தத்தைக் காட்டி 'இது இன்னார் செய்தது' என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் கொஞ்சம் தயங்குங்கள்.

சரி, ஏன் காப்பாற்ற வேண்டும்? ஓவியத்தைக் கழற்றி அருங்காட்சியகத்தில் வைக்கலாம். இந்த வேலையை அப்படிச் செய்ய முடியாது. சில்லு, கலவை, கம்பி, கட்டடம் எல்லாம் ஒரே உடம்பு. கட்டடம் போனால் படம் போகும். அதனால்தான் வாதம் இவ்வளவு சூடாகிறது. அரசியல் கோபம் ஒரு காரணம்தான். உக்ரைனில் 2015 மே மாதம் கம்யூனிசச் சின்னங்களை நீக்கும் சட்டம் வந்தது. அரிவாள் சுத்தியலைக் கொத்தி எடுத்தார்கள். கொடுமைப்பட்டவர்கள் அந்தச் சின்னத்தைத் தினமும் பார்க்க மாட்டோம் என்றால், வெளியூர்க்காரனான நான் அதற்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தைவிட அதிகமான சுவர்களைத் தின்றது அலட்சியம் என்பது என் கணிப்பு. மாடி விளிம்பில் தகரமூடி பெயர்ந்துபோகும், அதை யாரும் மாற்ற மாட்டார்கள். மழைநீர் மேலிருந்து சில்லுக்குப் பின்னால் இறங்கும். குளிரில் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருமன் கூடும், சில்லைத் தள்ளும். உருகும், மறுபடி உறையும். பின்னால் கம்பி துருப்பிடித்துப் பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். நம் கடற்கரை ஊர்களில் பழைய வீட்டு ஜன்னல் மேல் பட்டையில் சிமென்ட் பெயர்ந்து துருக்கம்பி வெளியே தெரியுமே, அதேதான். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனால் பிடிப்பு விட்ட இடத்தில் சத்தம் மாறிவிடும். அங்கே சின்னத் துளையிட்டு மெல்லிய கலவையை உள்ளே செலுத்தினால் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். பெரிய செலவில்லை. பெரும்பாலும் செய்வது வேறு: உதிர்ந்த இடத்தில் கெட்டிச் சிமென்டை அப்புவார்கள், நீர் வெளியேற வழியில்லாமல் பக்கத்துச் சில்லுகளும் உதிரும்.

இப்போதைய பெரிய எதிரி வெப்பக் காப்பு. எரிவாயு விலை ஏறியதும் குளிர்நாட்டு ஊர்களில் பலகைக் கட்டடங்களின் மேல் தெர்மாகோல் பலகை ஒட்டி மேலே சாயம் பூசுகிறார்கள். வீட்டுக்குள் கதகதப்பு, கரண்ட் பில்லும் எரிவாயு பில்லும் குறைவு. உள்ளே இருக்கும் பாட்டியிடம் போய் 'மொசைக் முக்கியம், நீங்கள் குளிரில் இருங்கள்' என்று எந்த முகத்தோடு சொல்வது? படம் இருக்கும் பக்கச் சுவரை மட்டும் உள்பக்கமாகக் காப்பிடும் வழி உண்டு. அதில் அறை கொஞ்சம் சுருங்கும். காப்புக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் சேராமல் தடுப்பும் வைக்க வேண்டும். எல்லாச் சுவருக்கும் அது முடியாது. ஆகவேதான் எதைக் காப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால், தொழிற்சாலையில் நூறு முறை திரும்ப வார்த்த கோலத்தில் சில நல்ல மாதிரிகள் போதும். ஒருமுறையே செய்த வேலை, செய்தவர் பெயர் தெரிந்த வேலை, கட்டடமும் படமும் சேர்ந்தே யோசிக்கப்பட்ட இடம் இவற்றுக்கு முதல் உரிமை. அதில் லெனின் இருக்கிறாரா மீன் இருக்கிறதா என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். உள்ளூர்க்காரர்கள் முதலில் பார்த்தால் அது அவர்கள் உரிமை.

மூடி வைத்ததே காப்பாற்றிய சம்பவமும் உண்டு. கஜகஸ்தானின் அல்மாத்தி நகரில் 1964இல் கட்டிய 'த்ஸெலின்னி' திரையரங்கின் முன்கூடத்தில் யெவ்கேனி சிதோர்கின் சாந்தைக் கீறிச் செய்த பெரிய சுவர்ப்படம் இருந்தது. திரையரங்கை மாற்றிக் கட்டியவர்கள் அதன் முன்னால் ஜிப்சம் பலகை அடித்துவிட்டார்கள். அழிந்தே போயிற்று என்று எல்லோரும் நினைத்தார்கள். 2018இல் புதுப்பிக்கும் வேலையின்போது பலகையைக் கழற்றினால் பின்னால் படம் நிற்கிறது. பலகை அடித்த ஆணிகள் பட்ட இடம் தவிர, பெரும்பகுதி மிச்சம். இன்று அந்தக் கட்டடம் சமகாலக் கலை மையம்.

மறுபடி அந்தப் பக்கம் போனால் எதைப் பார்க்கலாம் என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாஷ்கண்டில் 1984இல் திறந்த 'கோஸ்மோனவ்த்லார்' மெட்ரோ நிலையத்தில் இறங்குங்கள். நீலம் படிப்படியாக அடர்ந்து மாறும் பீங்கான் சுவர். அதில் வட்டங்களுக்குள் விண்வெளி வீரர்கள் ககாரினும் தெரெஷ்கோவாவும், அவர்களோடு பதினைந்தாம் நூற்றாண்டு வானியலாளர் உலுக் பெக்கும். பதுங்கு குழியாகவும் கணக்கில் இருந்ததால் அந்த மெட்ரோவில் போட்டோ எடுக்க 2018 வரை தடை. இப்போது தாராளமாக எடுக்கலாம். நெரிசல் நேரத்தைத் தவிர்த்து, காலை பத்து மணிக்குமேல் போங்கள். போட்டோவில் படத்தை மட்டும் எடுக்காமல் அது இருக்கும் கட்டடத்தையும் தெருவையும் சேர்த்து எடுங்கள், நாளும் இடமும் குறித்து வையுங்கள். சுவரைப் பழுதுபார்க்க வரும் என்னைப் போன்றவர்களுக்கு, எந்த வருடம் எந்தச் சில்லு இருந்தது என்று காட்டும் சுற்றுலாப் பயணியின் போட்டோ பல நேரம் கோப்புகளைவிட அதிகம் உதவுகிறது.